"நல்லா சாப்பிட்டுட்டு குடிச்சா ஒண்ணும் ஆகாது!" - உண்மையா? குவார்ட்டரும் சைடிஷும் சேரும்போது கல்லீரலில் நடப்பது என்ன?

"நான் என்ன வெறும் வயித்துலயா கண்ணு குடிக்கறேன்? கறி, முட்டைன்னு நல்லா தின்னுட்டுத்தான் குடிக்கறேன். எனக்கெல்லாம் ஈரல் கெடாது!"

ஸ்கேன் சென்டர் வாசலில் நின்றுகொண்டு என் பெரியப்பா சொன்ன வார்த்தைகள் இவை. அப்போதுதான் வாங்கிய ரிப்போர்ட் என் கையில் இருந்தது. 'கிரேடு 2 ஃபேட்டி லிவர்' என்று எழுதியிருந்தது.

பெரியப்பாவுக்கு 51 வயது. பள்ளிபாளையத்தில் தறி ஓட்டுகிறார். சனிக்கிழமை கூலி வாங்கியதும் ஒரு குவார்ட்டர். ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்ததும் ஒரு குவார்ட்டர். நடுவே வாரநாள்களில் நான்கு 'கட்டிங்'. இதுதான் பல வருடங்களாக அவருடைய வழக்கம். அவர் ஸ்கேன் எடுக்கப் போனதே வேறு காரணத்துக்காக. வயிற்றின் வலது பக்கம் பாரமாக இருக்கிறது, பித்தப்பையில் கல் இருக்குமோ என்ற சந்தேகம். கல் இல்லை. கல்லீரலில் கொழுப்பு இருந்தது.

அவருடைய நம்பிக்கைக்கும் ஒரு காரணம் உண்டு. ஒரே பட்டறையில் அவருடன் தறி ஓட்டிய கூட்டாளி ஒருவர், 44 வயதில் கண் மஞ்சளாகி, வயிறு வீங்கி இறந்துபோனார். "அவன் சோறே திங்க மாட்டான். ஊறுகாயைத் தொட்டுக்கிட்டே ஆஃப் அடிப்பான். அதான் போய்ச் சேந்துட்டான்" என்பது பெரியப்பா போட்டுவைத்திருக்கும் கணக்கு.

இந்தக் கணக்கு அவருக்கு மட்டும் சொந்தமல்ல. சேலத்திலும் நாமக்கல்லிலும் கூலி நாள் இரவுகளில் எத்தனையோ பேர் இதைச் சொல்லித்தான் இரண்டாவது ப்ளேட் சிக்கன் ஆர்டர் செய்கிறார்கள். வீட்டிலும், "குடிக்கிறதுதான் குடிக்கிறார், நாலு துண்டு கறியாவது தின்னுட்டுக் குடிக்கட்டும்" என்று வறுத்துக் கொடுக்கும் பெண்கள் இருக்கிறார்கள். என் பெரியம்மாவும் அப்படித்தான்.

அந்த நாலு துண்டு கறி கல்லீரலைக் காப்பாற்றுகிறதா?

முதல் மதுவிலக்கு வந்த மண்

மதுவைப் பற்றிப் பேச இந்த ஊர்களுக்குக் கூடுதல் உரிமையே உண்டு. மதராஸ் மாகாணத்தில் முதன்முதலாக மதுவிலக்கு அமலுக்கு வந்தது சேலம் மாவட்டத்தில்தான். 1937 அக்டோபர் 1 அன்று, ராஜாஜியின் ஆட்சியில். இன்றைய நாமக்கல்லும் அப்போது சேலம் மாவட்டத்துக்குள்தான் இருந்தது. தனி மாவட்டமானது 1997-ல். ராஜாஜி சேலத்தில் வக்கீலாகவும் நகராட்சித் தலைவராகவும் இருந்தவர். திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் அவர் தொடங்கிய காந்தி ஆசிரமத்திலிருந்து மதுவிலக்குக்காகவே 'விமோசனம்' என்ற பத்திரிகை வெளிவந்தது. கல்கி அதில் பணியாற்றினார்.

பிறகு மதுவிலக்கு வந்தது, போனது, மீண்டும் வந்தது, மீண்டும் போனது. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையையும் டாஸ்மாக்கே எடுத்துக்கொண்டது. மது எப்படிக் கூலியைக் கரைக்கிறது, குடும்பத்தைக் குலைக்கிறது என்று இங்கே தலைமுறை தலைமுறையாகப் பேசியிருக்கிறோம். கல்லீரலுக்குள் என்ன நடக்கிறது என்று பேசியது குறைவு. அதிலும் மதுவோடு தட்டில் வரும் எண்ணெயைப் பற்றிப் பேசியது மிகக் குறைவு.

ஒரு குவார்ட்டர், ஒரு ப்ளேட்... ஒரு சின்னக் கணக்கு

குவார்ட்டர் என்பது 180 மில்லி. பிராந்தி, விஸ்கி, ரம் எதுவானாலும் பாட்டிலில் 42.8 சதவிகிதம் ஆல்கஹால் என்று அச்சிட்டிருப்பார்கள். அதாவது, சுமார் 77 மில்லி சுத்தமான ஆல்கஹால். எடையில் சொன்னால் சுமார் 60 கிராம். ஒரு கட்டிங் என்றால் 30 கிராம். 650 மில்லி ஸ்ட்ராங் பீர் என்றால், 8 சதவிகிதக் கணக்கில் சுமார் 41 கிராம். 'பீர்தானே' என்று யாராவது சொன்னால் இந்த எண்ணைச் சொல்லுங்கள்.

ஒரு கிராம் ஆல்கஹாலில் 7 கலோரி. ஆக, ஒரு குவார்ட்டரில் மட்டும் 420 கலோரிக்கு மேல். மிக்ஸிங்குக்கு ஊற்றும் கூல்டிரிங்க்ஸ் சர்க்கரை தனி.

அடுத்தது தட்டு. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சுமார் 14 கிராம் கொழுப்பு. வறுவலும் ஆம்லெட்டுமாகச் சேர்ந்து இரண்டு கரண்டி எண்ணெய் உள்ளே போனாலே 28 கிராம். 2,000 கலோரி உணவு உண்பவருக்கு ஒரு நாள் முழுவதற்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்லும் எண்ணெய், நெய் அளவே 27 கிராம்தான். காலை தோசைக்கும் மதியக் குழம்புக்கும் ஊற்றியதை நாம் இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை.

இப்போது நேரத்தைப் பாருங்கள். உடல் ஒரு மணி நேரத்தில் எரிக்கும் ஆல்கஹால் சராசரியாக 7 முதல் 10 கிராம். இரவு 9 மணிக்கு ஒரு குவார்ட்டர் குடித்தால், அது முழுதாகத் தீர 6 முதல் 8 மணி நேரம் ஆகும். வீட்டில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருக்கும்போது பெரியப்பாவின் கல்லீரல் மட்டும் நைட் ஷிஃப்ட் பார்த்துக்கொண்டிருக்கும்.

டாக்டர்களும் இதையேதான் நம்பினார்கள்!

பெரியப்பாவின் கணக்கை மருத்துவ உலகமே ஒரு காலத்தில் போட்டுவைத்திருந்தது என்றால் நம்புவீர்களா? 20-ம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, குடிப்பவர்களுக்குக் கல்லீரல் கெடக் காரணம் மது அல்ல, சத்தான உணவு சாப்பிடாததுதான் என்பதே பெரும்பாலான மருத்துவர்களின் கருத்து. குடிநோயாளிகள் பலரும் எலும்பும் தோலுமாக இருந்ததால், அந்த முடிவு சரி என்றே தோன்றியது.

இதைக் கேள்வி கேட்டவர் சார்லஸ் லீபர். பெல்ஜியத்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய மருத்துவர். 1960-களில், தன்னார்வலர்களுக்குப் புரதமும் வைட்டமினும் நிறைந்த உணவைக் கொடுத்து, அதோடு மதுவையும் கொடுத்துப் பார்த்தார். உணவில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்தது. அதற்கு வருடங்கள் ஆகவில்லை. நாள்கள், வாரங்களே போதுமாக இருந்தன. பிறகு, சக ஆய்வாளர் லியோனோர் டிகார்லியுடன் சேர்ந்து பபூன் குரங்குகளிடம் சோதித்தார். நல்ல உணவோடு மது கொடுக்கப்பட்ட குரங்குகளில் சிலவற்றுக்குக் கல்லீரல் சுருக்கம் வரை போனது.

முடிவு தெளிவாக இருந்தது. கல்லீரலைக் கெடுப்பது மதுவேதான். நல்ல சாப்பாடு அதைத் தடுக்காது.

'சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் போதை மெதுவாகத்தானே ஏறுகிறது?' என்று கேட்கலாம். அது உண்மை. வயிற்றில் உணவு இருந்தால் மது சிறுகுடலுக்குப் போவது தாமதமாகும். ரத்தத்தில் ஆல்கஹால் ஒரேயடியாக எகிறாது. அதற்காக வெறும் வயிற்றில் குடிப்பது மேல் என்று யாரும் அர்த்தம் செய்துகொள்ள வேண்டாம். அது இன்னும் ஆபத்து. ஆனால் போதை ஏறுவது மூளையின் கணக்கு. கல்லீரலின் கணக்கு வேறு. குடித்ததில் மிகப் பெரும்பகுதி கடைசியில் கல்லீரலுக்குத்தான் வந்தாக வேண்டும். 'ஏறவே இல்லையே' என்று இன்னொரு கட்டிங் சேர்ந்தால், சைடிஷ் உதவி செய்தது மதுவுக்குத்தான்.

கல்லீரல் ஒரு லாரி ஆபீஸ்

நாமக்கல்காரர்களுக்குப் புரியும்படி சொல்வதென்றால், கல்லீரல் ஒரு லாரி ஆபீஸ் குடோன் மாதிரி. சுமார் ஒன்றரைக் கிலோ எடையுள்ள குடோன். சாப்பாட்டிலிருந்தும் உடலின் கொழுப்புச் சேமிப்பிலிருந்தும் சரக்கு வந்துகொண்டே இருக்கும். சிலதை அங்கேயே எரித்து சக்தியாக்கும். மிச்சத்தைப் பொட்டலம் கட்டி ரத்தத்தில் ஏற்றி, தேவையான இடத்துக்கு அனுப்பும். வரவும் செலவும் சரியாக இருந்தால் குடோன் காலியாகவே இருக்கும்.

இங்கே மது நுழைகிறது. கொழுப்பையும் சர்க்கரையையும் உடல் சேமித்து வைக்கலாம். ஆல்கஹாலைச் சேமிக்க இடமே இல்லை. விஷச் சரக்கு என்பதால், மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அதைத்தான் முதலில் இறக்க வேண்டும். அப்போது நான்கு விஷயங்கள் நடக்கின்றன.

ஒன்று, கொழுப்பை எரிக்கும் வேலை தடைப்படுகிறது. ஆல்கஹாலை உடைக்கும்போது கல்லீரல் செல்களின் ரசாயனச் சமநிலை மாறுகிறது. கொழுப்பை எரிக்கத் தேவையான துணைப்பொருள் (என்ஏடி என்பார்கள்) ஆல்கஹாலுக்கே செலவாகிவிடுகிறது. சுவிட்சர்லாந்தில் ஆண்களிடம் நடந்த ஓர் ஆய்வு 1992-ல் வெளியானது. அன்றாட உணவோடு, அதன் கலோரியில் கால் பங்குக்குச் சமமான மதுவைச் சேர்த்ததும், 24 மணி நேரத்தில் உடல் எரிக்கும் கொழுப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துபோனது.

இரண்டு, புதிதாகக் கொழுப்பை உருவாக்கும் வேலை கூடுகிறது.

மூன்று, தொப்பையிலும் தோலடியிலும் இருக்கும் கொழுப்பு கரைந்து கல்லீரலை நோக்கி வருகிறது.

நான்கு, கொழுப்பைப் பொட்டலம் கட்டி வெளியே அனுப்பும் வேலை மந்தமாகிறது.

வரும் லாரி நிற்கவில்லை, போகும் லாரி கிளம்பவில்லை. அந்த நேரம் பார்த்து, சைடிஷில் இருந்த எண்ணெயும் லோடு லோடாக வந்து இறங்கினால் குடோன் என்ன ஆகும்? கல்லீரல் செல்களில் 5 சதவிகிதத்துக்கு மேல் கொழுப்புத் துளிகள் தேங்கினால் அதைத்தான் 'ஃபேட்டி லிவர்' என்கிறார்கள்.

எண்ணெயைக் குறைத்தால் என்ன ஆகும்?

இதையும் லீபரும் டிகார்லியும் சோதித்துப் பார்த்தார்கள். 1970-ல் வெளியான அந்த ஆய்வில் எலிகளுக்குக் கொடுத்த மதுவின் அளவை மாற்றவில்லை. உணவில் கொழுப்பின் பங்கை மட்டும் மொத்தக் கலோரியில் 43 சதவிகிதத்திலிருந்து 25 சதவிகிதமாகக் குறைத்தார்கள். கல்லீரலில் தேங்கிய கொழுப்பு வெகுவாகக் குறைந்தது. ஆனால், முழுதாக மறையவில்லை. மதுதான் முதல் குற்றவாளி. தட்டில் உள்ள கொழுப்பு அதற்குக் கை கொடுக்கும் கூட்டாளி என்பது அதில் தெரிந்தது.

'அப்படியென்றால் நல்ல எண்ணெயாகப் பார்த்து வறுத்தால்?' என்று பெரியம்மா கேட்டார். நியாயமான கேள்வி. பதில் கொஞ்சம் சிக்கலானது.

பின்லாந்தில் எடை கூடிய ஆட்களிடம் ஓர் ஆய்வு செய்தார்கள். தினமும் 1,000 கலோரியை மூன்று வாரங்களுக்குக் கூடுதலாகக் கொடுத்தார்கள். வெண்ணெய், தேங்காய் எண்ணெய் போன்ற நிறைவுற்ற கொழுப்பாகச் சாப்பிட்டவர்களுக்குக் கல்லீரல் கொழுப்பு 55 சதவிகிதம் கூடியது. நிறைவுறாத கொழுப்பைச் சாப்பிட்டவர்களுக்குக் கூடியது 15 சதவிகிதம். சர்க்கரையாகச் சாப்பிட்டவர்களுக்கு 33 சதவிகிதம். ரேஷனில் வாங்கும் பாமாயிலில் ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்பு என்பதை இங்கே நினைவில் கொள்ளலாம்.

ஆனால், மது சேர்ந்தால் ஆட்டம் மாறுகிறது. மது கொடுக்கப்பட்ட எலிகளிடம், நிறைவுறாத கொழுப்பு அதிகமுள்ள மக்காச்சோள எண்ணெய்தான் மாட்டுக் கொழுப்பைவிட அதிகச் சேதத்தை உண்டாக்கியது. எலிக்கு நடந்தது அப்படியே மனிதனுக்கும் நடக்கும் என்று சொல்லிவிட முடியாது. 'அப்போ கொழுப்புக் கறியே தின்னலாம்' என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. நமக்கு வேண்டிய பாடம் எளிது: எந்த எண்ணெயும் மதுவுக்குக் கவசம் ஆகாது.

நம் ஊர் முட்டைக்கும் ஒரு வார்த்தை பரிந்து பேச வேண்டும். ஓர் அவித்த முட்டையில் சுமார் 5 கிராம்தான் கொழுப்பு. மஞ்சள் கருவில் உள்ள கோலின் என்ற சத்து, கல்லீரல் கொழுப்பைப் பொட்டலம் கட்டி வெளியே அனுப்பத் தேவையானது. ஆக, முட்டை குற்றவாளி அல்ல. வரமிளகாயும் சின்ன வெங்காயமும் தேங்காய்ப் பல்லும் போட்டு வறுக்கும் எங்கள் பள்ளிபாளையம் சிக்கனும் வீட்டுச் சாப்பாட்டில் அளவோடு இருந்தால் வில்லன் அல்ல. பிரச்னை, அவை மதுவுக்குப் பக்கத்தில் போய் உட்காரும்போதுதான். நான்கு முட்டை தின்று ஒரு குவார்ட்டரை ஈடுகட்ட முடியாது.

பஞ்சும் நெருப்பும்

கொழுப்பு தேங்குவதோடு கதை முடிந்தால் பரவாயில்லை. ஆல்கஹாலை உடைக்கும்போது அசிட்டால்டிஹைடு என்ற நச்சு உண்டாகிறது. தொடர்ந்து குடிப்பவர்களின் கல்லீரல், வேலைப்பளு தாங்காமல் ஆல்கஹாலை உடைக்க இன்னொரு நொதியையும் அதிகமாகச் சுரக்கிறது. அந்த நொதி வேலை செய்யும்போது, தீப்பொறி மாதிரி சில துகள்கள் தெறிக்கின்றன. அவை பக்கத்தில் தேங்கிக் கிடக்கும் கொழுப்பைத் தாக்கிக் கெடுக்கின்றன. உடல் பருமனாலும் இதே நொதி கூடும். பஞ்சு குடோனில் நெருப்புப் பொறி விழுந்தால் என்ன ஆகும் என்று தறிக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

குடலிலும் ஒரு கூட்டுச்சதி நடக்கிறது. மது குடல் சுவரை இளக்குகிறது. குடல் பாக்டீரியாக்களின் நச்சு அந்த இடைவெளி வழியாகக் கல்லீரலுக்குப் போகிறது. கொழுப்பு மிகுந்த உணவும் இதையே செய்கிறது. விளைவு, அழற்சி. அழற்சி ஆறும் இடங்களில் தழும்பு. தழும்பு மேல் தழும்பாகச் சேர்ந்து ஈரல் இறுகிப்போவதுதான் சிரோசிஸ் எனப்படும் கல்லீரல் சுருக்கம்.

தொடர்ந்து அதிகமாகக் குடிப்பவர்களில் 90 சதவிகிதம் பேருக்குக் கல்லீரலில் கொழுப்பு சேர்கிறது. அவர்களில் 10 முதல் 20 சதவிகிதம் பேர் சிரோசிஸ் வரை போகிறார்கள். அந்த 10, 20 பேரில் நாம் சிக்குவோமா, மாட்டோமா என்பதைத் தீர்மானிக்கும் முக்கியமான விஷயங்களில் ஒன்று உடல் எடை.

"வாரத்துக்கு ரெண்டே ரெண்டு குவார்ட்டர்!"

ரிப்போர்ட்டைப் பார்த்த பிறகு வீட்டில் பஞ்சாயத்து நடந்தது. கடைசியில் பெரியப்பா இறங்கி வந்தார். "சரி சாமி, கட்டிங் எல்லாம் உட்டுடறேன். சனிக்கிழமை ஒண்ணு, ஞாயித்துக்கிழமை ஒண்ணு. வாரத்துக்கு ரெண்டே ரெண்டு. போதுமா?"

நியாயமான பேரம் போலத்தான் இருந்தது, ஸ்காட்லாந்து ஆய்வை நான் படிக்கும் வரை.

அங்கே 9,559 ஆண்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2010-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். சரியான எடையில் இருந்து, குடிக்காமலும் இருந்தவர்களோடு மற்றவர்களை ஒப்பிட்டார்கள். வாரத்துக்கு 15 யூனிட் அல்லது அதற்கு மேல் குடித்தவர்களில், சரியான எடையில் இருந்தவர்கள் கல்லீரல் நோயால் இறக்கும் வீதம் சுமார் 3 மடங்கு. எடை கூடியவர்களுக்கு 7 மடங்கு. உடல் பருமன் உள்ளவர்களுக்குக் கிட்டத்தட்ட 19 மடங்கு! குடியின் ஆபத்தும் எடையின் ஆபத்தும் வெறுமனே கூடவில்லை. ஒன்றை ஒன்று ஊதிப் பெருக்கின.

அந்த 15 யூனிட் என்பது எவ்வளவு? பிரிட்டிஷ் கணக்கில் ஒரு யூனிட் 8 கிராம். 15 யூனிட் 120 கிராம். அதாவது, வாரத்துக்கு இரண்டு குவார்ட்டர்.

பெரியப்பாவின் எடை 84 கிலோ, உயரம் 165 சென்டிமீட்டர். பி.எம்.ஐ கிட்டத்தட்ட 31. அந்த ஆய்வின்படி அவர் நிற்பது மூன்றாவது வரிசையில்.

அந்த ஆய்வு தட்டில் உள்ள எண்ணெயை அளக்கவில்லை, உடலில் சேர்ந்த எடையைத்தான் அளந்தது என்பது உண்மை. ஆனால், இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது. ஃபேட்டி லிவர் உள்ளவர்களின் கல்லீரல் கொழுப்பு எங்கிருந்து வந்தது என்று ஆராய்ந்த ஓர் ஆய்வில், சுமார் 60 சதவிகிதம் உடலின் கொழுப்புச் சேமிப்பிலிருந்தும், 26 சதவிகிதம் கல்லீரலே புதிதாக உருவாக்கியதிலிருந்தும், 15 சதவிகிதம் அன்றாட உணவிலிருந்தும் வந்தது தெரிந்தது. அதாவது, இன்றைய சைடிஷ் மட்டுமல்ல, போன வருட சைடிஷும் தொப்பையாகக் காத்திருந்து கல்லீரலுக்கு வருகிறது.

குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி (2019-21) தமிழ்நாட்டில் ஆண்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் குடிக்கிறார். 37 சதவிகித ஆண்களுக்கு எடை கூடுதல். இந்த இரண்டு கூட்டமும் சந்திக்கும் இடத்தில் நிற்பவர்களுக்கு 2023-ல் மருத்துவ உலகம் தனிப் பெயரே வைத்தது: 'மெட்-ஏ.எல்.டி'. எடை, சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற பிரச்னைகளில் ஒன்றாவது இருந்து, கல்லீரலில் கொழுப்பும் இருந்து, ஆண்கள் வாரத்துக்கு 210 முதல் 420 கிராம் வரையிலும், பெண்கள் 140 முதல் 350 கிராம் வரையிலும் குடித்தால் இந்தப் பிரிவு. இரண்டு குவார்ட்டரும் நான்கு கட்டிங்குமாகப் பெரியப்பாவின் பழைய கணக்கு 240 கிராம். சந்தேகமே இல்லாமல் உள்ளேதான் இருந்தார்.

வலிக்காது... அதுதான் ஆபத்து

கல்லீரலின் உள்ளே வலி உணரும் நரம்புகள் இல்லை. அதைச் சுற்றியுள்ள உறை இழுபடும்போதுதான் லேசான பாரம் தெரியும். பலருக்கு அதுவும் தெரியாது. கண் மஞ்சளாகி, கால் வீங்கி, வயிற்றில் நீர் கட்டும்போது பாதிக்கு மேல் போயிருக்கும்.

'எஸ்.ஜி.பி.டி நார்மல்னு வந்துடுச்சு' என்று நிம்மதி அடைந்துவிடவும் முடியாது. ஃபேட்டி லிவர் உள்ள பலருக்கு ரத்தப் பரிசோதனை நார்மலாகவே வரும். சாதாரண ஸ்கேனிலும், கொழுப்பு 20, 30 சதவிகிதத்தைத் தாண்டினால்தான் தெளிவாகத் தெரியும். தழும்பு விழுந்திருக்கிறதா என்று பார்க்க 'ஃபைப்ரோஸ்கேன்' தேவைப்படலாம். யாருக்கு எது வேண்டும் என்பதை மருத்துவர் சொல்வார். அவரிடம் குடிக்கும் அளவைக் குறைத்துச் சொல்லாமல் இருப்பதுதான் நம் வேலை.

மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி அரைத்துக் குடிப்பது நம் பக்கம் பழைய பழக்கம். காலையில் கீழாநெல்லி, மாலையில் கட்டிங் என்று போனால் அது வைத்தியம் அல்ல.

திரும்பி வர வழி இருக்கிறது

இந்தக் கட்டுரையில் நல்ல சேதி இதுதான். கொழுப்பு மட்டும் சேர்ந்திருக்கும் கட்டத்தில் குடியை முழுதாக நிறுத்தினால், பெரும்பாலானவர்களுக்கு 4 முதல் 6 வாரங்களில் மதுவால் சேர்ந்த கொழுப்பு கரையத் தொடங்கிவிடும். எடையில் 5 சதவிகிதம் குறைந்தால் கல்லீரல் கொழுப்பு குறையும். 7 முதல் 10 சதவிகிதம் குறைந்தால் அழற்சியும் தணியும். 84 கிலோ உள்ளவருக்கு 6 முதல் 8 கிலோ. உலகில் வேறு எந்த உறுப்பும் இவ்வளவு தாராளமாக மன்னிப்பதில்லை.

கவனத்தில் வைக்க வேண்டியவை:

* மதுவுக்குப் 'பாதுகாப்பான அளவு' என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஃபேட்டி லிவர் என்று தெரிந்த பிறகு குறைப்பது அல்ல, நிறுத்துவதுதான் வழி.

* தினமும் அதிகமாகக் குடிப்பவர்கள் மருத்துவர் உதவி இல்லாமல் திடீரென நிறுத்தக் கூடாது. முதல் இரண்டு, மூன்று நாள்களில் கை நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை உண்டு. 104, 14416, 14446 ஆகிய இலவச எண்களில் ஆலோசனை கேட்கலாம்.

* எண்ணெயை ஊற்றாமல், கரண்டியில் அளந்து எடுங்கள். பொரித்த எண்ணெயை மீண்டும் மீண்டும் காய்ச்சாதீர்கள். வறுவலுக்குப் பதில் குழம்பு, ஆம்லெட்டுக்குப் பதில் அவித்த முட்டை.

* இடுப்புச் சுற்றளவை அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் எச்சரிக்கை.

* சிரோசிஸ் வந்துவிட்டவர்களுக்கு இந்த உணவுக் குறிப்புகள் பொருந்தாது. அவர்கள் பட்டினி கிடக்கவே கூடாது. போதிய புரதம் வேண்டும். மருத்துவர் சொல்லும் உணவுமுறைதான் அவர்களுக்கு.

* கண் மஞ்சள், ரத்த வாந்தி, கறுப்பாக மலம், வயிறு வீக்கம், பேச்சில் குழப்பம்... இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

பெரியப்பா என்ன செய்தார்?

ஸ்காட்லாந்து கணக்கை அவரிடம் சொன்னபோது முதலில் சிரித்தார். "அது வெள்ளைக்காரன் ஈரல் கண்ணு" என்றார். ஆனால், 'ரெண்டு குவார்ட்டர்' என்பதை நான் ஒரு தாளில் எழுதி, யூனிட்டாக மாற்றிக் காட்டியதும் கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். தறிக்காரர் அல்லவா, மீட்டர் கணக்குப் பார்த்தே பழகியவர். பிறகு, "அப்ப அவன் சாப்பிடாததால சாகல, இல்ல?" என்று மட்டும் கேட்டார். இறந்துபோன கூட்டாளியைச் சொல்கிறார் என்று எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது.

அடுத்த வாரமே பெரியம்மா அவரை மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனார். முதல் மாதம் கஷ்டப்பட்டார். சனிக்கிழமைகளில் எரிந்து எரிந்து விழுந்தார். நடுவில் ஒருமுறை சறுக்கவும் செய்தார். நான்காவது மாதம் எடுத்த ஸ்கேனில் 'கிரேடு 1' என்று வந்தது. எடை 78 கிலோ. இன்னும் வேலை பாக்கி இருக்கிறது.

போன மாதம் எங்கள் குலதெய்வக் கோயிலில் கிடா வெட்டு. கோயிலுக்குப் பின்னால் நின்ற வேனுக்குப் பக்கத்தில் வழக்கமான கூட்டம் கூடிவிட்டது. பெரியப்பாவை இரண்டு முறை கூப்பிட்டார்கள். அவர் எங்களோடு பந்தியில் உட்கார்ந்திருந்தார். இலையில் சோறும் இரண்டு கரண்டி கறிக்குழம்பும். வறுவல் வாளி வந்தபோது கையை இலைக்கு மேல் நீட்டி மறித்தார். "போதும் சாமி. குழம்பே நல்லாத்தான் இருக்குது" என்றார்.

எதிர் வரிசையில் இருந்த பெரியம்மா அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.